பண்ருட்டிப் பலாவும் தஞ்சாவூர் வீணையும்

நோன்புப் பெருநாள் முடிந்து, மதரசா திறப்பதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ‘எத்தனை முறை அழைத்தும் வரவில்லையே’ என்று தஞ்சாவூரிலுள்ள என் சகலர் நெடுநாளாகக் குறைபட்டுக்கொண்டிருந்தார். அக்குறையைத் தீர்க்க எண்ணி, குடும்பத்தாருடன் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினேன். சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சை போய்ச் சேர்ந்தபோது அஸர் நேரமாகிவிட்டது.

சகலர் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். உளி, அரம், பித்தளைத் தகடு என்று கேட்டு வரும் அவருடைய வாடிக்கையாளர்களில் வீணை செய்யும் தச்சர்களும் உண்டு. “சரசுவதி மகால் நூலகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீணை செய்வதைப் பார்த்ததுண்டா?” என்று கேட்டவர், மறுநாள் காலை என்னையும் என் இளைய மகனையும் ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்றார்.

இசைக்கருவி செய்யும் இடத்தில் ஒரு மதரசா ஆசிரியனுக்கு என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். இசையைக் குறித்து மார்க்க அறிஞர்கள் சொல்லியிருப்பவற்றை நான் இங்கே எடுத்துப் பேசப் போவதில்லை. நான் பாட்டுக் கேட்கச் செல்லவில்லை. ஒரு கைத்தொழிலைக் காணவே சென்றேன். ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள் என்று நம் பிள்ளைகளுக்கு நாமே கற்பிக்கிறோம் அல்லவா?

பட்டறை என்றதும் பெரிய கட்டடம் ஒன்றை எண்ணிக்கொண்டு போனேன். ஓடு வேய்ந்த ஒரு வீட்டின் முன்கட்டுதான் அது. தரையெங்கும் மஞ்சள் நிறச் செதிள்கள் சிதறிக் கிடந்தன. அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், பெரிய மரக் குடமொன்றைக் கால்களுக்கிடையே அணைத்துக்கொண்டு, அதன் உட்புறத்தை உளியால் குடைந்துகொண்டிருந்தார். சகலர் என்னை அறிமுகப்படுத்தியதும் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த ஊர் பாய்?”

“கடலூர். மஞ்சக்குப்பம்.”

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். “அப்படிச் சொல்லுங்க! இந்த மரமே உங்க பக்கத்து மரந்தான். பண்ருட்டிப் பலா.”

கோடை வந்தால் எங்கள் கடைத்தெருவில் பலாப்பழம் குவிந்து கிடக்கும். சுளையைத் தின்போம், கொட்டையைக் குழம்பில் இடுவோம், தழையை ஆட்டுக்குப் போடுவோம். அம்மரத்தைப் பற்றி அதற்குமேல் நான் எண்ணிப் பார்த்ததில்லை. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரமே ஏற்றது என்றும், அதனைப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்தே பெரும்பாலும் தருவிப்பதாகவும் பெரியவர் விளக்கினார். கனம் குறைவு, நாதம் அதிகம், கரையான் எளிதில் அண்டாது; இவை அம்மரத்தின் குணங்கள்.

அரபு மொழியில் ‘ஊத்’ என்றால் மரக்கட்டை என்று பொருள். நாம் புகை போடும் நறுமணக் கட்டைக்கும் அதே பெயர். அரபு நாட்டவரின் நரம்புக் கருவி ஒன்றுக்கும் அதே பெயர். அச்சொல்லே ஐரோப்பாவுக்குச் சென்று ‘லூட்’ ஆயிற்று. ஹவாய்த் தீவுகளில் உக்குலேலே என்னும் நான்கு நரம்புச் சிறு கருவி உண்டு. போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக 1879ஆம் ஆண்டு கப்பலேறிச் சென்றவர்களில் மூன்று தச்சர்கள் இருந்தனர். தம் ஊர்க் கருவியின் வடிவை மனத்தில் வைத்து, அத்தீவில் வளரும் கோவா மரத்தால் அவர்கள் செய்ததே அது. எந்த மண்ணிலும் தச்சனின் கை அங்குள்ள மரத்தைத்தான் தேடிப் போகிறது.

வேலை நடக்கும் விதத்தையும் பெரியவர் காட்டினார். வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் காயவைக்க வேண்டும். பிறகு வாய்ச்சியால் செதுக்கிக் குடத்துக்கும் தண்டிக்கும் உருவம் கொடுப்பார்கள். இரண்டையும் தனித்தனியே செய்து பொருத்தினால் அது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் முழுவதையும் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை. பின்னதற்கு வேலையும் மிகுதி, விலையும் மிகுதி. யாளி முகம், மேற்பலகை, குதிரை, பிருடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகு, தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, தண்டியின்மேல் 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். ஏழு தந்திகளில் நான்கு வாசிப்பதற்கு, மூன்று தாளத்துக்கு. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் இவ்வமைப்பு உருப்பெற்றதாகச் சொல்வர். 2013ஆம் ஆண்டு தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

என் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. குடத்தைக் குடைகையில் பெரியவர் அளவுகோல் எதையும் கையில் எடுக்கவில்லை. நாலு தட்டுத் தட்டிவிட்டு, விரல் முட்டியால் குடத்தின் வெளிப்புறத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். மீண்டும் உளியை எடுப்பார். “கொஞ்சம் கூடுதலா எடுத்துட்டா உடைஞ்சு போகும், கொஞ்சம் விட்டுட்டா ஊமையாப் போகும். எங்க அப்பா தட்டுறதைக் கேட்டுக் கேட்டுப் படிச்சது இது” என்றார். என் மகன் தானும் தட்டிப் பார்த்தான். “கேட்டியா தம்பி, இந்தப் பக்கம் இன்னும் தடிப்பா இருக்கு” என்று அவர் சொன்னபோது, அவனுக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை.

“உங்கள் பிள்ளைகள் இத்தொழிலில் இருக்கிறார்களா?” என்று கேட்டேன். ஒரு மகன் வெளிநாட்டில், ஒரு மகன் சென்னையில் என்றார். குறைபட்டுச் சொல்லவில்லை. ஆனால், மரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் முகம் மாறியது.

“முப்பது நாற்பது வருஷ மரம் வேணும் பாய். தானே புயலுக்குப் பிறகு அந்த மாதிரி மரம் கிடைக்கிறது குறைஞ்சு போச்சு. விழுந்த மரத்தையெல்லாம் அப்ப விறகா அள்ளிட்டாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், எங்கள் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பண்ருட்டியை அடுத்து என் மாமனாருக்கு ஒரு சிறு தோப்பு உண்டு. வீட்டையொட்டி நின்ற அவருடைய பெரிய பலா மரங்கள் இரண்டும் அன்று விழுந்தன. வழியை அடைத்துக் கிடந்த அவற்றை அப்புறப்படுத்தும் பொறுப்பை நான்தான் ஏற்றேன். முதலில் வந்த வியாபாரியிடம், விறகு விலைக்குத் தள்ளிவிட்டேன். என்ன மரம், எதற்கு ஆகும் என்று ஒருவரையும் விசாரிக்கவில்லை.

அது அறியாமை. அடுத்து நான் செய்தது அறியாமையன்று. சில வாரங்கள் கழித்து மாமனார், “தம்பி, அந்தக் குழியிலேயே ரெண்டு பலாக்கன்று வைத்துவிடுவோமா?” என்று கேட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது எழுபதுக்கு மேல். “இனி வைத்து, அது எப்போது பெரிதாகி, யார் பார்ப்பது மாமா?” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. மூன்றாண்டுகளில் மவுத்தாகிவிட்டார்கள். அந்தக் குழி இன்றும் பள்ளமாகவே கிடக்கிறது. அன்று வைத்திருந்தால் இதற்குள் பலமுறை காய்த்திருக்கும்.

சாய்ந்த அவ்விரு மரங்களையும் மாமனாரின் அத்தா வைத்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘யார் பார்ப்பது’ என்று அவர் கேட்கவில்லை. அவர் வைத்ததன் பழத்தை என் பிள்ளைகள் தின்றார்கள். பட்டறைப் பெரியவர் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்த குடமும், யாரோ ஒருவர் நாற்பதாண்டுகளுக்கு முன் தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்றுதானே?

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், மகனை அழைத்துக்கொண்டு பண்ருட்டிக்குப் போய் இரண்டு பலாக்கன்றுகள் வாங்கினேன். பள்ளத்தைக் கொத்திக் கிளறி, மண்ணும் எருவும் இட்டு, நட்டு வைத்தோம். மாமியார் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “உன் மாமா இருந்திருந்தால்...” என்று தொடங்கியவர்கள், முடிக்காமல் தண்ணீர்க் குடத்தை எடுத்து வந்தார்கள்.

வாசகர்களே, உங்கள் கொல்லையில் முதிர்ந்த மரம் ஏதேனும் சாய்ந்தால், விறகு வியாபாரியைக் கூப்பிடுமுன் ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்கள் ஒரு கன்றைக் கையில் எடுத்தால், நான் கேட்ட கேள்வியைக் கேட்காதீர்கள். மண்வெட்டியை எடுத்துக் கொடுங்கள்.

எங்கள் கன்றுகளில் ஒன்று துளிர் விட்டிருக்கிறது. மற்றொன்றை ஆடு கடித்துவிட்டது. அதற்கு வேலி கட்டியிருக்கிறோம். பிழைத்துவிடும், இன்ஷா அல்லாஹ்.