கராஜ் தரைக்கு எந்தப் பெயின்ட் நல்லது?

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை காலை. கடை திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. எனது பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து மேசையில் ஒரு துண்டை வைத்தார். உள்ளங்கை அளவு, சாம்பல் நிறம், அப்பளம் போல வளைந்திருந்தது. "நானா, நீங்க தந்த பெயின்ட் இப்ப என்ட வேன்ட டயர்ல ஒட்டிக்கொண்டு ஊர் சுத்துது" என்றார்.

அவர் துணி மொத்த வியாபாரி. வீட்டோடு சேர்ந்த கராஜில் இரவில் டெலிவரி வேன் நிற்கும். பின்சுவரோரம் துணிப் பொதிகள் அடுக்கியிருக்கும். எம்மவர்களில் பலருக்கு வீட்டுக் கராஜ்தான் இரண்டாவது ஸ்டோர் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மகளின் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வர்ணம் பூசியபோது, "கராஜ் நிலத்துக்கும் நல்லதா ஒன்டு தாங்க" என்று கேட்டார். நன்றாக ஓடும் தரைப் பெயின்ட்டில் நான்கு லீற்றர் டின் ஒன்றைக் கொடுத்தேன். அவருடைய தரையைப் பற்றி ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஹாட்வெயார் வியாபாரம் செய்பவன் நான். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் துண்டைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் முழுவதும் மெல்லிய சீமெந்துத் தூள். உங்கள் வீட்டிலும் பெயின்ட் உரிந்தால் முதலில் செய்யவேண்டியது இதுதான். பின்பக்கம் வழவழப்பாகச் சுத்தமாக இருந்தால் பெயின்ட் தரையைப் பிடிக்கவேயில்லை. எண்ணெயோ மெழுகோ தடுத்திருக்கிறது. சீமெந்து ஒட்டிக்கொண்டு வந்தால் பெயின்ட் பிடித்திருக்கிறது, தரையின் மேல்தோல்தான் கழன்றிருக்கிறது. எமது மேசன் பாஸ்மார் தரையை முடிக்கும்போது மேலே சீமெந்துப் பால் ஊற்றி, கரண்டியால் அழுத்திக் கண்ணாடி போல் மினுக்கிவிடுவார்கள். நடப்பதற்கு அது நல்ல தரை. பெயின்ட்டுக்கு அதைவிட மோசமான தரை கிடையாது. அந்த மெல்லிய தோலில் ஒட்டிய பெயின்ட்டைச் சூடான டயர் பிடித்து இழுத்தால் தோலோடு சேர்ந்து வராமல் என்ன செய்யும்?

டயர் ஏன் இழுக்கிறது என்றும் கேட்பார்கள். தூர ஓட்டம் ஓடிவந்த வேனின் டயர் சூடாக இருக்கும். ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் இரசாயனங்கள் அந்தச் சூட்டில் கசிந்து கீழே இருக்கும் பெயின்ட்டை இளக்கும். ஆறும்போது டயர் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். காலையில் வேனை எடுக்கும்போது நான்கு சக்கரமும் நின்ற இடத்தில் நான்கு சொட்டை.

இனி டின்னுக்கு வருவோம். இங்கேதான் வியாபாரிகளாகிய நாமே ஏமாறுகிறோம். கடையில் லீற்றர் விலையைக் கேட்டு, ஒன்றோடொன்றை ஒப்பிட்டு, மலிவானதை எடுக்கிறோம். ஆனால் டின்னில் இருப்பது எல்லாம் தரையில் தங்குவதில்லை. கரைப்பானோ தண்ணீரோ ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது திண்மம் மட்டுமே. பத்துக்கு இருபது அடிக் கராஜ் என்றால் 200 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 18.6 சதுர மீற்றர். நான் விற்ற நான்கு லீற்றர் டின்னில் கன அளவில் 40 வீதம் திண்மம். எனவே தரையில் தங்கியது 1.6 லீற்றர். அதைப் பரப்பினால் தடிப்பு 86 மைக்ரோன். ஒரு போட்டோ கொப்பித் தாள் சுமார் 100 மைக்ரோன். ஆக, ஒரு தாளைவிட மெல்லிய தோலின் மீது இரண்டு தொன் வேனை நிறுத்திவிட்டு அது உழைக்கவில்லை என்று முறையிடுகிறோம்.

அதே நான்கு லீற்றரில் கரைப்பான் கலக்காத, நூறு வீதத் திண்ம எபொக்சியை எடுத்தால் அதே தரையில் 215 மைக்ரோன் தங்கும். அதன் விலை இரண்டு மடங்கு என்றாலும் கிடைக்கும் சரக்கு இரண்டரை மடங்கு. மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கை நான் படிப்பிக்க வேண்டியதில்லை. திண்மம் எத்தனை வீதம் என்பது கம்பனியின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் டின்னையும் வாங்காதீர்கள்.

எபொக்சி என்ற பெயரைக் கண்டும் மயங்கவேண்டாம். உண்மையான எபொக்சி இரண்டு டின்னாக வரும். ஒன்று பிசின், மற்றது இறுக்கி. இரண்டையும் கலந்த பிறகுதான் அது இறுகத் தொடங்கும். ஒரே டின்னில் "எபொக்சி" என்று எழுதி வருவது பெரும்பாலும் சாதாரணப் பெயின்ட்டில் சிறிது எபொக்சி சேர்த்தது. நடமாடும் வராந்தாவுக்குப் போதும், டயருக்குத் தாங்காது. இரண்டு டின் எபொக்சியிலும் ஒரு குறை உண்டு. வெயில் பட்டால் மஞ்சளித்து, நாளடைவில் மாவு போல் பூக்கும். எமது கராஜ்கள் பல முன்பக்கம் கம்பிக் கதவு மட்டுமே உள்ளவை. மாலை வெயில் உள்ளே பாதி தூரம் வரும். அப்படியானால் எபொக்சிக்கு மேல் பொலியூரித்தேன் பூச்சு ஒன்று அவசியம். பொலியஸ்பார்டிக் என்று ஒன்றும் இருக்கிறது. வெயிலுக்கும் டயருக்கும் நன்றாகத் தாங்கும், சில மணித்தியாலங்களில் இறுகும். ஆனால் காற்றில் ஈரம் கூடக்கூட அது இன்னும் விரைவாக இறுகும். பழகாத கைக்கு எமது காலநிலையில் அது ஆபத்தான சரக்கு. ரோலர் இடையில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எபொக்சிக்கும் நேரம் பார்க்கவேண்டும். தரையின் வெப்பநிலை பனிபடு நிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்கவேண்டும் என்பது விதி. கொழும்பின் அதிகாலைப் புழுக்கத்தில் அந்த இடைவெளி பெரும்பாலும் கிடைக்காது. பூச்சின் மேல் வெண்மையாகப் பிசுபிசுப்புப் படரும். அதைச் சவர்க்கார நீரால் கழுவாமல் அடுத்த பூச்சுப் பூசினால் அதுவும் கழன்றுபோகும். மழையில்லாத நாளில், காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்கச் சொல்லுங்கள். கலந்ததை வாளியில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போகவும் கூடாது. வாளிக்குள் அது தானாகச் சூடேறிக் கல்லாகிவிடும்.

இவ்வளவும் தரை உலர்ந்திருந்தால்தான். எனது வாடிக்கையாளரின் வீட்டில் நாங்கள் இரண்டு சோதனை செய்தோம். இரண்டுக்கும் சேர்த்து நூறு ரூபாகூட முடியவில்லை. முதலாவது, தரையில் ஆங்காங்கே தண்ணீர் தெளிப்பது. தண்ணீர் உறிஞ்சப்பட்டுத் தரை கறுத்தால் நல்லது. முத்து முத்தாக உருண்டு நின்றால் அங்கே எண்ணெய். வேனின் என்ஜின் நிற்கும் இடத்தில் முத்துக்கள் நின்றன. இரண்டாவது, ஒன்றரை அடிச் சதுரமாகப் பொலித்தீன் வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரவு முழுவதும் விடுவது. குறைந்தது 16 மணித்தியாலம் இருக்கவேண்டும். மறுநாள் உரித்தால், துணிப் பொதிகள் அடுக்கியிருந்த பின்பக்கத்தில் பொலித்தீனின் அடியில் வியர்வை போல் நீர். வயல் நிரவிக் கட்டிய காணி அது. கொங்கிரீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரிக்காமல் கட்டியிருக்கிறார்கள். பொதிகளின் அடித்துணி ஏன் வருடாவருடம் பூஞ்சணம் பிடிக்கிறது என்று அவர் அன்றுதான் விளங்கிக்கொண்டார். பெயின்ட் உரியாமல் இருந்திருந்தால் அந்த நட்டத்தின் காரணம் இன்னும் தெரியாமலே இருந்திருக்கும்.

தரையைத் தயார் செய்வதில் எமது ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வழி அசிட் ஊற்றிக் கழுவுவது. அசிட் எண்ணெயை அகற்றாது. சரியாகக் கழுவாவிட்டால் மிஞ்சியதே பூச்சைக் கெடுக்கும். புகை பட்டுக் கம்பிக் கதவும் துருப்பிடிக்கும், பூசுபவரின் நெஞ்சுக்கும் கேடு. வைரக்கல் பூட்டிய கிரைண்டரால், தூசு உறிஞ்சும் இயந்திரத்தோடு மேல்தோலைத் தேய்த்து எடுப்பதே முறை. புதிய கொங்கிரீட் என்றால் 28 நாள் பொறுக்கவும் வேண்டும். எனது அபிப்பிராயத்தில் காசின் பெரிய பங்கு இந்த வேலைக்குத்தான் போகவேண்டும். ஆனால் கொந்தராத்துக்காரர் "சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே தொகை சொல்லுவார், நாமும் அதில் பத்து ரூபா குறைக்கப் பேரம் பேசுவோம். அவர் அந்தப் பத்து ரூபாவைத் தேய்ப்பதில்தான் குறைப்பார், ஏனெனில் அது மட்டும்தான் பூசி முடிந்த பின் கண்ணுக்குத் தெரியாது. விலைமனுவில் தேய்ப்பது, அடிப்பூச்சு, மேற்பூச்சு எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். உத்தரவாதத்தையும் வாசியுங்கள். பல உத்தரவாதங்களில் திரும்பக் கிடைப்பது புது டின் மட்டும். கூலியும் கராஜ் மூடிக்கிடந்த நாட்களும் உங்கள் கணக்கில்.

பளபளப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழை நாளில் வாகனம் கொண்டுவரும் நீர் அந்தப் பளபளப்பில் நின்றால் அது பாசிக் கல்தான். வயதான உம்மா, வாப்பா இருக்கும் வீட்டில் மேற்பூச்சில் குவார்ட்ஸ் மணல் தூவச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளருக்கு நான் கடைசியில் பெயின்ட் விற்கவில்லை. ஈரத்தைத் தாங்கும் அடிப்பூச்சுகள் இருக்கின்றன, ஆனால் அவருக்கு அந்தச் செலவு பொருந்தாது. எண்ணெய்க் கறையைக் கழுவி, முழுத் தரையையும் தேய்த்து, சிலிக்கேட் இறுக்கித் திரவம் ஊற்றினோம். அது கொங்கிரீட்டில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து உள்ளேயே இறுகும். தோல் இல்லாததால் உரிவதற்கு ஒன்றுமில்லை. புது எண்ணெய் சிந்தினால் கறை படும், அதைச் சகிக்கவேண்டும். பொதிகள் மரப்பலகைத் தட்டுக்கு ஏறின. "நிறம் ஒன்டும் இல்லையே" என்று வீட்டில் குறைப்பட்டார்களாம். எமது வாப்பாமார் காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரைகள் தேங்காய் மட்டையால் மினுக்கியே இன்றுவரை இருப்பதும் நிறம் மேலே பூசப்படாமல் கலவைக்குள்ளேயே இருப்பதால்தான். புதிதாகக் கராஜ் கட்டுபவர்கள் அடியில் பொலித்தீனும் மேலே நிறம் கலந்த சீமெந்தும் போட்டுவிட்டால் எனது கடைக்கு வரவேண்டிய தேவையே இல்லை.

டின்னின் விலையை அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். கூலி போனது போனதுதான். இப்போது தரைப் பெயின்ட் கேட்டு வருபவர்களுக்கு ஒரு துண்டுப் பொலித்தீனும் டேப்பும் இலவசமாகக் கொடுத்து, நாளை வாருங்கள் என்கிறேன். பாதிப் பேர் வருகிறார்கள். மீதிப் பேர் எதிர்க்கடையில் டின்னை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களிலும் சிலர் ஆறு மாதத்தில் கையில் ஒரு துண்டோடு என்னிடம் வருகிறார்கள்.