லீவு முடிவது 6 மாதத்தில், பால்வாடி சேர்ப்பது 2 வயதில்: நடுவில் குழந்தையை யார் பார்ப்பது?

திருப்பூர்:

பனியன் கம்பெனி, நூல் மில் என்று வேலைக்குப் போகும் பெண்ணுக்கு குழந்தை பிறந்தால் கோவை, திருப்பூர் பக்கம் எல்லாரும் எதிர்பார்ப்பது அம்மிச்சியைத்தான். பெண்ணைப் பெற்றவள் வந்து குழந்தையை வாங்கிக் கொண்டால்தான் மகள் மறுபடி மெஷினில் உட்கார முடியும். திண்டுக்கல், தேனியில் இருந்து பிழைக்க வந்த குடும்பமாக இருந்தால் பாட்டி ஊரில் ஆடு மாடு பார்த்துக் கொண்டிருப்பார். பீகார், ஒடிசா குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். வேலையை விட வேண்டியதுதான்.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அதில் கொங்கு மண்டலத்தின் பங்கு பெருசு. அப்படி இருந்தும் கைக்குழந்தை விஷயத்தில் கணக்கு இடிக்கிறது.

வாரக் கணக்கு

பேறுகால லீவு 2017-ம் ஆண்டு 12 வாரத்தில் இருந்து 26 வாரமாக உயர்ந்தது. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தால் பிரசவத்துக்குப் பிறகு மிஞ்சுவது 18 வாரம். அதாவது 4 மாதம் தாண்டியதும் டூட்டிக்கு போக வேண்டும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று டாக்டர்கள் சொல்வது அப்போதே அடிபடுகிறது. மூன்றாவது குழந்தை என்றால் மொத்தமே 12 வாரம்தான்.

தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் லீவு கிடைக்கிறது. கம்பெனிப் பெண்ணுக்கு அதில் பாதி. பீஸ் ரேட்டில் கை மடிக்கிற, பிசிறு வெட்டுகிற பெண்களில் பலர் பெயர் கம்பெனி ரிஜிஸ்தரிலேயே இருக்காது. ஈ.எஸ்.ஐ. கார்டு இல்லாதவருக்கு 26 வாரமாவது, 12 வாரமாவது!

சரி, பால்வாடிக்கு அனுப்பலாம் என்றால் அங்கே 2 வயது முடிந்திருக்க வேண்டும். 1975 அக்டோபர் 2-ந் தேதி நாட்டில் தொடங்கிய இந்த அங்கன்வாடித் திட்டம் சத்துணவுக்காகவும் ஆரம்பப் படிப்புக்காகவும் வந்தது. வேலைக்கு போகும் அம்மாவின் நேரத்தை பார்த்து போட்ட திட்டம் அல்ல. குழந்தைக்கு சாப்பாடு போட்டு, தூங்க வைத்து, பிற்பகலில் வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். ஆயாம்மாக்களை குறை சொல்லி புண்ணியம் இல்லை, அவர்கள் டூட்டி அவ்வளவுதான்.

ஒன்றரை ஷிப்ட்

திருப்பூர் கம்பெனிகளில் ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். காலை 8.30-க்கு உள்ளே போனால் இரவு 8.30. மத்திய அரசின் தேசிய காப்பகத் திட்டம் 2022-ல் பால்னா என்று பெயர் மாறியது. அதில் 6 மாதக் குழந்தையையே சேர்க்கலாம், நல்ல விஷயம். ஆனால் காப்பகம் திறந்திருப்பது ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். ஒன்றரை ஷிப்ட் என்பது 12 மணி நேரம். மிச்ச நாலரை மணி நேரத்துக்கு பக்கத்து வீட்டு அக்கா, இல்லாவிட்டால் 8 வயது மூத்த பிள்ளை.

சட்டம் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1948 தொழிற்சாலை சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்று இருந்தது. 2017-ல் 50 பேர் வேலை செய்யும் இடமெல்லாம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் தினம் 4 முறை போய் குழந்தையை பார்க்கலாம் என்று வந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்பு சட்டத்தொகுப்பிலும் அது தொடர்கிறது. பாலூட்ட 15 மாதம் வரை தினம் 2 இடைவேளை தனி.

இதில் 50 என்ற எண்தான் திருப்பூரில் வம்பு. தையல் ஒரு யூனிட், செக்கிங் ஒரு யூனிட், பேக்கிங் இன்னொரு யூனிட் என்று தெருத்தெருவாக பிரிந்து கிடக்கும் ஊர் இது. 20 பேர், 30 பேர் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டை 50 எப்படி தொடும்?

கூட்டுக் காப்பகம்

புது சட்டத்தொகுப்பில் ஒரு வழி இருக்கிறது. பல நிறுவனங்கள் பணம் போட்டு பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம். மாநகராட்சி, அரசு, தொண்டு நிறுவனம் நடத்துவதையும் பயன்படுத்தலாம். சாயக்கழிவுக்கு பல சாயப்பட்டறைகள் கூட்டு சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டிய ஊர் திருப்பூர். ஆகவே கூட்டு என்பது இந்த ஊர் முதலாளிகளுக்கு புதுசு இல்லை. கோர்ட்டு நெருக்கியதால் சாயத்துக்கு வேகம் வந்தது, குழந்தைக்கு யாரும் நெருக்கவில்லை.

காப்பகம் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். பால் குடிக்கும் குழந்தை என்றால் கம்பெனிக்கு பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 4 முறை பார்க்கும் உரிமை பேப்பரில்தான். ஒரு வயது தாண்டிய குழந்தையை காலையில் கம்பெனி வேனில் நெரிசலில் தூக்கிப் போவது கொடுமை. அதற்கு குடியிருக்கும் ஏரியாவிலேயே காப்பகம் நல்லது. இரண்டையும் ஒரே கட்டிடத்தில் முடிக்கப் பார்த்தால் ஒரு பக்கம் இடிக்கும்.

டே கேரில் விடுபவர்களுக்கு

வசதி உள்ளவர்கள் கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் டே கேர் தேடுகிறார்கள். சுவரில் வரைந்த மிக்கி மவுசை பார்த்து சேர்த்து விடாதீர்கள். தேசிய திட்டத்தில் 25 குழந்தைக்கு ஒரு ஊழியர், ஒரு உதவியாளர் என்பது கணக்கு. அதை விட ஆள் குறைவாக இருந்தால் யோசியுங்கள். தரைத்தளமா, கேட் பூட்டுகிறார்களா, கழிவறை எப்படி, மத்தியானம் சொல்லாமல் போனால் உள்ளே விடுகிறார்களா என்று பாருங்கள். உள்ளே விட மறுத்தால் அந்த இடமே வேண்டாம்.

முதல் நாளே முழு நாள் விடக்கூடாது. 8 மாதம் வாக்கில் குழந்தைக்கு ஆள் அடையாளம் தெரிய ஆரம்பிக்கும், அழுகை அதிகமாகத்தான் இருக்கும். முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள். குழந்தை பார்க்காத நேரம் நழுவி ஓடுவது இங்கே எல்லாரும் செய்வது. அதனால்தான் மறுநாள் வாசலிலேயே இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. சொல்லிவிட்டு போனால் அழும், ஆனால் நம்பும். ஹிந்தி, ஒடியா பேசும் வீட்டுக் குழந்தைக்கு பசி, தண்ணீர், ஒண்ணுக்கு என்ற வார்த்தைகளை ஆயாம்மா அவர்கள் மொழியில் கற்றுக் கொண்டால் பாதி அழுகை நிற்கும்.

இன்னொன்று, சனிக்கிழமை. பனியன் கம்பெனியில் அன்றுதான் சம்பளம். கணக்கு முடித்து கவர் கைக்கு வர ராத்திரி ஆகிவிடும். பல பிளே ஸ்கூல்களுக்கு அன்று லீவு. கூட்டுக் காப்பகம் வந்தால் அது சனிக்கிழமை எத்தனை மணிக்கு மூடும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.