சாவியை வாங்கி வையுங்கள்!

தோட்டத் தோழர்களே, தாய்மார்களே!

தீபாவளி நெருங்குகிறது. ஆட்டுக்குப் பங்கு சேர்த்தாகிவிட்டது. பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாகிவிட்டது. பெருநாள் வேளையில் நல்ல பேச்சுத்தான் பேச வேண்டும் என்பார்கள். ஆனால் பெருநாளுக்கு மறுநாள் துக்க வீட்டு வாசலில் நின்று ஆறுதல் சொல்வதைவிட, இப்போதே கொஞ்சம் கசப்பாகப் பேசிவிடுவது மேல் என்று நினைக்கிறோம்.

பேச வந்தது இதுதான்: குடித்துவிட்டு மோட்டார் ஓட்டாதீர்கள். ஓட்டவும் விடாதீர்கள்.

“இதெல்லாம் வருஷா வருஷம் சொல்றதுதானே” என்று பத்திரிகையை மடித்துவிட வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த விஷயம், இருந்தும் ஏன் நடக்கிறது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

அன்று லயம், இன்று தாமான்

முன்பெல்லாம் அண்ணன் முதல் லயத்தில் இருந்தான், தம்பி மூன்றாம் லயத்தில் இருந்தான், மாமன் மச்சான் கோயிலடியில் இருந்தார்கள். கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. குடித்தவன் தள்ளாடினால் காண்டாவில் விழுவான். காலையில் எழுந்து பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்குவான். அதோடு போயிற்று.

இன்று அப்படியில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சொந்தபந்தம் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறிப் போயிற்று. பெருநாளுக்கு உறவைப் பார்க்க 20 மைல், 30 மைல் போக வேண்டியிருக்கிறது. இடையில் பஸ் கிடையாது. இருந்தாலும் ராத்திரியில் கிடையாது. உறவு தூரமாகிவிட்டது, ஆனால் குடிக்கும் பழக்கம் லயத்துக் காலத்துப் பழக்கமாகவே இருக்கிறது. அன்று நடந்து போன அதே ஆள் இன்று மோட்டாரை உதைத்துக் கிளப்புகிறான். கேடு இங்கேதான் பிறக்கிறது.

நம் நாட்டுச் சாலைகளில் உயிர் இழப்பவர்களில் 10-க்கு 6 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்களும் அதன் பின்னால் உட்கார்ந்து போனவர்களும்தான். கார்க்காரனுக்குச் சுற்றிலும் தகரம் இருக்கிறது. மோட்டார்க்காரனுக்கு அவன் எலும்புதான் தகரம்.

தோட்டத்து உள்சாலையில் போலீஸ் இல்லை என்று ஒரு தைரியம். போலீஸ் இல்லைதான், விளக்கும் இல்லையே! குலை ஏற்றும் லோரி இருட்டில் ஓரமாக நிற்கும். மழைக்குச் செம்மண் வழுக்கும். பாலத்துக்குக் கைப்பிடி இருக்காது. “இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்குத்தானே” என்று ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்கும்.

“எனக்கெல்லாம் ஏறாது!”

இப்படிச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. ஏறாதது போலத் தோன்றுவது பழக்கத்தால். இரத்தத்தில் அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே போனதைக் கரைப்பது ஈரல். அதன் வேகம் மெதுவானது, அவசரப்படுத்த முடியாது. ஒரு பெரிய பீர் போத்தல் கரைய ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். 3 போத்தல் என்றால் 9 மணி நேரம். கோப்பி குடித்தாலும், மோர் குடித்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. முழிப்பு வரும், நிதானம் வராது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். சம்சு இன்னும் மோசம். போத்தல் சின்னது, உள்ளே இருப்பது பெரிசு.

ஆகவே ராத்திரி 12 மணி வரை குடித்துவிட்டு, கொஞ்சம் தூங்கிவிட்டு, விடியற்காலையில் பெரட்டுக்கு மோட்டாரில் கிளம்புகிறவனும் குடித்துவிட்டு ஓட்டுகிறவன்தான். இது பலருக்குத் தெரியாது. பெருநாளுக்கு மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சட்டம் மாறிவிட்டது

2020 அக்டோபர் 23 முதல் சட்டம் கடுமையாகிவிட்டது. முன்பு 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை விட்டார்கள். இப்போது 50 மில்லிகிராம்தான். அதைத் தாண்டி ஓட்டிப் பிடிபட்டால், யாருக்கும் ஒரு கீறல் இல்லாவிட்டாலும், முதல் குற்றத்துக்கே அபராதம் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளி வரை. அதோடு 2 ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் குறைந்தது 2 ஆண்டுக்குப் பறிபோகும். ஊதிக் காட்ட மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் அதுவும் குற்றம்தான்.

ஓர் உயிரைப் போக்கிவிட்டால்? 10 முதல் 15 ஆண்டு வரை சிறை. 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். பிள்ளை தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பில் இருக்கும்போது உள்ளே போகும் தகப்பன், அவன் மீசை முளைத்த பிறகுதான் வெளியே வருவான்.

2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மிகக் குறைந்த அபராதமே ஏறக்குறைய 6 மாத உழைப்பு. அரிசி வாங்காமல், வாடகை கட்டாமல், 6 மாதம்!

வண்டிப் பழுதுக்கு இன்சூரன்ஸ்காரன் காசு தரமாட்டான். வேலைக்குப் போய் வரும் வழியில் அடிபட்டால் வேலை விபத்து என்று சொக்சோவில் சங்கம் வாதாடலாம். நடுச்சாம விருந்திலிருந்து திரும்பியதை வேலைக்குப் போன வழி என்று எந்த வாயால் வாதாடுவது?

பாட்டன்மார் கேட்டது என்ன?

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற அவமானத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அதற்காகத் தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மடிந்தார்கள். 1947-ல் கெடாவில் பீடோங் பக்கம் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன்னே மறியல் செய்து அடிபட்டார்கள்.

சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போகும் உரிமையும் கள்ளுக்கடை இல்லாத தோட்டமும் ஒரே போராட்டத்தில் கேட்கப்பட்டவை. இரண்டும் மானம் சம்பந்தப்பட்டவை என்று எழுதப் படிக்கத் தெரியாத அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பேரன் இன்று குடித்துவிட்டு மோட்டாரிலிருந்து தலைகுப்புற விழுந்து கிடந்தால் ஊர் என்ன பேசும்? தண்ணி என்றாலே தமிழன் என்று பேசக் காத்திருக்கும் வாய்களுக்கு நாமே அவல் போடலாமா?

கமிட்டி செய்ய வேண்டியது

குடிக்காமல் இருந்தால் மிக நல்லது. அதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. ஆனால் குடிக்கிறவனைத் திட்டுவதால் மட்டும் அன்றிரவு ஓர் உயிரும் பிழைக்காது. காரியம் செய்ய வேண்டும்.

முதலாவது, விருந்து வைக்கிற வீட்டுக்காரர் பொறுப்பேற்க வேண்டும். வரும்போதே சாவியை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். போதை ஏறிய பிறகு கேட்டால் சண்டை வரும். ஏறுமுன் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

இரண்டாவது, பாய் தலையணை எடுத்து வையுங்கள். “படுத்துட்டுக் காலையில போங்க மாமா” என்று சொல்வது மரியாதைக் குறைவில்லை. அதுதான் மரியாதை.

மூன்றாவது, ஊற்றிக் கொடுத்து வற்புறுத்தாதீர்கள். “என்ன மச்சான், ஒரு கிளாஸுக்கே பயமா?” என்று ஏற்றிவிடும் வாய்தான் பல பேரை இடுகாட்டுக்கு அனுப்பியது. 21 வயது ஆகாத பிள்ளைகளுக்கு மது விற்பது 2017 டிசம்பர் முதல் குற்றம். கடைக்காரன் விற்கக்கூடாததைச் சித்தப்பன் ஊற்றிக் கொடுக்கலாமா?

நான்காவது, நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசுங்கள். கிளைச் செயலாளர்கள் நிர்வாகியைப் பார்த்து, பெருநாள் இரவுக்குத் தோட்டத்து வேனைக் கேளுங்கள். வருஷம் முழுக்க உழைக்கிற ஜனத்துக்கு ஓர் இரவு வண்டி கொடுப்பது பெரிய தானமல்ல. ஆனால் ஆட்களை லோரியின் பின்னால் ஏற்றி அனுப்புவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குடித்த புருஷன் கூப்பிடுகிறான் என்று கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறாதீர்கள். “நாலு பேர் என்ன நினைப்பாங்க” என்று பார்க்க வேண்டாம். சத்தம் போட்டாலும் போடட்டும். ஏறமாட்டேன் என்று நில்லுங்கள். நீங்கள் ஏறாவிட்டால் பல சமயம் அவரும் ஏறமாட்டார். சுற்றியிருக்கிற ஆண்கள் அப்போது அந்த அம்மாவின் பக்கம் பேச வேண்டும். “போய்ட்டு வா தங்கச்சி” என்று ஏற்றி அனுப்பக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே கமிட்டியைக் கூட்டுங்கள். கோயிலடியில் பத்து நிமிஷம் பேசினால் போதும். எந்தெந்த வீட்டில் விருந்து, சாவி வாங்குவது யார், வேன் யார் பொறுப்பு என்று பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். பொதுவாகச் சொல்லிவிட்டால் எவனும் செய்யமாட்டான். பெயர் போட்டுச் சொன்னால் செய்வான் என்பது சங்க வேலையில் நாம் கண்ட அனுபவம்.

பெருநாள் முடிந்த மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, எல்லாப் பெயருக்கும் பதில் வர வேண்டும். அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள்!