எனக்குக் கேட்காத கொசு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். (சொந்த அக்கா இல்லை, பெரியம்மா பொண்ணு. இங்கிலாந்துல 15 வருஷமா இருக்காங்க. நான் ஆன்சைட் வந்து மூணு வருஷம்தான்.) பால் தீர்ந்துபோச்சுன்னு அவங்க பையனையும் கூட்டிக்கிட்டு முனைக்கடைக்குப் போனேன். பையனுக்கு 14 வயசு. கடை வாசல் வந்ததும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஒரே ஓட்டமா உள்ளே போயிட்டான்.

"என்னடா ஆச்சு?"

"மாமா, அந்த சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

எனக்கு ஒண்ணும் கேட்கலை. ரோட்டுல ஒரு பஸ் போச்சு, அது மட்டும்தான் கேட்டுச்சு. நிமிர்ந்து பார்த்தா வாசலுக்கு மேல ஸ்பீக்கர் மாதிரி ஒரு சின்னப் பெட்டி.

அந்தப் பெட்டிக்கு 'மஸ்கிட்டோ'ன்னு பேர். 2005-ல் வேல்ஸில் மெர்த்தர் டிட்ஃபில் என்ற ஊரில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் கண்டுபிடித்தது. 17.4 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் 'கீய்ய்ங்'ன்னு ஒரு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். வயசு ஏற ஏற நம்ம காது முதலில் இழப்பது இந்த உச்ச ஒலிகளைத்தான். அதனால 25 தாண்டிய பெரும்பாலானவங்களுக்கு இது கேட்காது. கடை வாசலில் கூட்டம் போடும் விடலைப் பசங்க ஓடிடுவாங்க, பர்ஸோட வர்ற ஆளுங்க நிம்மதியா உள்ளே போவாங்க. 2006-ல் இதுக்கு இக்நோபல் 'அமைதி'ப் பரிசு கூட கொடுத்தாங்க. பசங்க லேசுப்பட்டவங்களா? அதே வருஷம் அந்த சத்தத்தையே ரிங்டோனா மாத்தி, வாத்தியார் காதுல விழாம கிளாஸ்ல எஸ்எம்எஸ் அனுப்பிக்கிட்டாங்க :-)

கடைக்காரங்க மட்டும் இல்லை, சில கவுன்சில்களும் இதை வாங்கி மாட்டின. 2010-ல் ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை இதைத் தடை பண்ணச் சொன்னது. பிரிட்டிஷ் அரசு காதுல போட்டுக்கலை.

எங்க அக்கா ஊர்க் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். பால் வாங்கும்போது பேச்சு கொடுத்தேன். "என்ன செய்யிறது தம்பி, மூண்டு தரம் கண்ணாடியை உடைச்சுப் போட்டாங்கள். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போகும், அவ்வளவுதான்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. நான் குடியிருக்கும் பிளாக்கிலேயே மேல்மாடிப் பாட்டி ஒருத்தங்க, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பஸ் ஸ்டாப் பக்கம் போகவே மாட்டாங்க. அந்த ஸ்டாப்பின் கண்ணாடி நான் வந்த பிறகே ரெண்டு தடவை உடைஞ்சிருக்கு. உடைக்கிறவனைப் பிடிச்சு உள்ளே போடு, எனக்கு ஆட்சேபணையே இல்லை.

ஆனா இங்கே நடக்கிறது வேற. உடைச்சவனைப் பிடிக்க சாட்சி வேணும், கேஸ் வேணும், காசு வேணும். உடைக்கக்கூடியவன் மாதிரி *இருக்கிறவனை* விரட்ட ஒண்ணும் வேண்டாம்.

டோனி பிளேர் ஆட்சியில் 1998 சட்டம் ஒண்ணு ஆஸ்போ (ASBO-ன்னு எழுதினாத்தான் இங்கே தெரியும்) என்ற உத்தரவைக் கொண்டுவந்தது. கோர்ட் 'இதைச் செய்யாதே'ன்னு உத்தரவு போடும். அந்தச் செயல் குற்றமா இருக்கணும்னு அவசியம் இல்லை. மீறினா மட்டும் அது குற்றம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். தற்கொலைக்குத் திரும்பத் திரும்ப முயன்ற ஒரு பெண்ணுக்கு 'ஆத்துல குதிக்கக்கூடாது'ன்னு ஆஸ்போ போட்டாங்க. அந்தப் பெண்ணுக்குத் தேவை டாக்டரா, கோர்ட்டான்னு யோசிச்சுப் பாருங்க.

2014-ல் புதுச் சட்டம் வந்து ஆஸ்போவை ஒழிச்சுது. ஆனா கவுன்சில்கள் கையில் இன்னொரு ஆயுதம் கொடுத்துது: பொது இடப் பாதுகாப்பு உத்தரவு. ஆளுக்கு ஆள் கோர்ட்டுக்குப் போகவே வேண்டாம். ஒரு பார்க், ஒரு கடைத்தெருன்னு இடத்தைக் குறிச்சு, அங்கே என்ன கூடாதுன்னு கவுன்சிலே எழுதிக்கலாம். அக்கம்பக்கத்தார் வாழ்க்கையைப் பாதிக்கும் செயல், தொடர்ந்து நடக்குது, நியாயமில்லாததுன்னு காட்டினா போதும். மூணு வருஷம் செல்லும், பிறகு புதுப்பிச்சுக்கலாம். சட்டம் வந்தப்போ ஸ்பாட் அபராதம் 100 பவுண்டு வரைக்கும், கோர்ட்டுக்குப் போனா 1000 வரைக்கும். சில கவுன்சில்கள் அபராதம் போடுற வேலையைத் தனியார் கம்பெனிக்கு விட்டு, வசூலில் பங்கும் கொடுத்தன. நம்ம புராஜெக்ட்ல பக்குக்கு இவ்வளவுன்னு டெஸ்டருக்குக் காசு கொடுத்தா என்ன ஆகும்னு சொல்லணுமா?

2015-ல் லண்டன் ஹாக்னி கவுன்சில், தெருவில் படுத்துத் தூங்குவதையும் இந்த உத்தரவில் சேர்த்தது. வீடே இல்லாதவன் 100 பவுண்டு எங்கிருந்து கட்டுவான்? பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு எதிர்த்த பிறகுதான் பின்வாங்கினாங்க. 2017-ல் உள்துறையே, வீடில்லாதவங்க மேல இதைப் பாய்ச்சாதீங்கன்னு வழிகாட்டுதலைத் திருத்த வேண்டி வந்தது.

எல்லா அபராதமும் மோசம்னு சொல்லலை. 2019-ல் லெஸ்டரில் பான் துப்பினா 150 பவுண்டு அபராதம்னு இங்கிலீஷோட குஜராத்தியிலும் போர்டு வச்சாங்க. நம்மாளுங்க சிலர் கொதிச்சாங்க. நான் கொதிக்கலை. துப்பினவனுக்கு அபராதம், துப்பாதவனுக்கு இல்லை. யார் துப்பினாலும் அதே கதைதான். மஸ்கிட்டோ அப்படியா? எங்க அக்கா பையன் செஞ்ச ஒரே தப்பு 14 வயசா இருக்கிறது.

எங்க ஊர்ல டீக்கடைக்கு எதிரே ஒரு மதகுக்கட்டை உண்டு. பிளஸ் டூவிலிருந்து காலேஜ் முடியும் வரைக்கும் சாயங்காலம் ஆறு பேர் அதுலதான் உட்கார்ந்திருப்போம். சத்தம் போட்டிருக்கோம். போற வர்றவங்களைக் கிண்டல் பண்ணியிருக்கோம், ஒத்துக்கிறேன், பெருமையாச் சொல்லலை. டீக்கடை அண்ணன் திட்டுவார். எங்கப்பா பேரைச் சொல்லித் திட்டுவார், அதுதான் வலிக்கும். அடங்கிடுவோம். இந்த ஊர்ல அப்படிப் பேர் சொல்லித் திட்ட ஆள் இல்லை. 2010-க்குப் பிறகு அரசு சிக்கனம் சிக்கனம்னு கவுன்சில் நிதியை வெட்டினதில் இளைஞர் மன்றங்கள் நிறைய மூடியாச்சு. குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டிடும். வெளிச்சமா, காசு கொடுக்காம நிக்கிற இடம்னா கடை வாசல்தான். அங்கேயும் கொசு.

பில் போடும்போது கடைக்காரர் பையனைப் பார்த்து, "தம்பிக்குக் காது நோகுதோ?" என்று கேட்டார். பிறகு என்னிடம், "என்ரை மகனும் இப்ப பின்வாசலாலதான் வாறவன்" என்றார்.

அக்கா ஊர்ல அந்தக் கடைத்தெருவுக்கான உத்தரவு இந்த வருஷம் முடியுது, புதுப்பிக்கலாமான்னு கருத்துக் கேட்டு லைட் கம்பத்துல நோட்டீஸ் கட்டியிருக்காங்க. துப்புறது, தெருவுல குடிச்சுட்டுக் கலாட்டா எல்லாத்துக்கும் சரின்னு எழுதச் சொன்னேன். 'மூணு பேருக்கு மேல் கூட்டமாக' என்று ஒரு வரி இருக்கு, அதுக்கு வேண்டாம். அந்தப் பெட்டியைக் கழட்டவும், மூடிக் கிடக்கும் கம்யூனிட்டி ஹாலை வாரம் மூணு சாயங்காலம் திறக்கவும் தனியா ஒரு பாரா. அக்காவுக்கு டைப் பண்ண நேரம் இல்லையாம். வயசு வரம்பு எதுவும் போடலை, அதனால பையனையே அவன் பேர்ல அனுப்பச் சொல்லியிருக்கேன். இன்னும் ஒம்பது நாள் இருக்கு.