கிளிப் போட்ட பல்லும் கமர்கட் கொடுத்த தாத்தாவும்

மகள் வயிற்றுப் பேத்திக்குப் பதின்மூன்று வயது. எட்டு மாதத்துக்கு முன் பல்லுக்குக் கிளிப் போட்டார்கள். முன்பற்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. ஆன செலவு, நான் ஓய்வு பெற்றபோது வாங்கிய கடைசி மாதச் சம்பளத்தைவிட அதிகம். அதைக் குறை சொல்லவில்லை. பணத்தைக் கட்டியாயிற்று, மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டோமே, அதுதான் என் குறை.

போன மாதம் ஒரு காலை, அவள் பல் தேய்த்துவிட்டுப் போன வாஷ்பேசினில் ரத்தக் கறை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"தேய்ச்சா ரத்தம் வருது தாத்தா. அதனால அந்தப் பக்கம் விட்டுடறேன்."

எனக்குத் திக்கென்றது. நாற்பது வயதில் நானும் இதையேதான் செய்தேன். கருவூலத்தில் வேலை, காலையில் அவசரம். ஈறில் ரத்தம் கசிந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், வைத்தியம் முடிந்ததாக நினைத்தேன். ஐம்பத்தைந்துக்குள் கீழ்க் கடைவாய்ப் பற்கள் ஆட ஆரம்பித்தன. பிடுங்கித் தட்டில் போட்டுக் காட்டினார்கள். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. பல்லைத் தாங்கிய எலும்புதான் கரைந்து போயிருந்தது.

ரத்தம் வருகிற இடத்தைத்தான் விடாமல் தேய்க்க வேண்டும். ஈறோரம் மாவு போலப் படியும் அழுக்கில் கிருமிகள் பெருகி, ஈறு வீங்கி, ரத்தம் வருகிறது. அழுக்கை எடுக்காமல் விட்டால் வீக்கம் கூடத்தான் செய்யும். மென்மையான பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். கிளிப் போட்ட வாயில் இந்த அழுக்குக்கு வசதி அதிகம். ஒவ்வொரு பல்லிலும் ஒட்டிய உலோகத் துண்டின் ஓரத்திலும் கம்பிக்கு அடியிலும் சோறும் மாவும் தங்கிவிடுகின்றன. இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. அழுக்கில் ஊறும் அமிலம் பல்லின் மேற்பூச்சிலுள்ள தாதுவை அரித்துச் சுண்ணாம்புப் புள்ளி போல வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். சில வாரங்களிலேயே ஆரம்பித்துவிடுமாம். கிளிப்பைக் கழற்றும் நாளில் பல் வரிசையாக இருக்கும், ஆனால் புள்ளிபுள்ளியாக இருக்கும். அதற்கா இத்தனை பணம்?

எங்கள் புதுச்சேரிப் பள்ளியில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. ஆன்சிசீவ், கனீன், மொலேர் என்று பற்களின் பெயரைக் கூட்டமாகக் கத்துவோம். எப்படித் தேய்ப்பது என்று ஒருவரும் சொன்னதாக நினைவில்லை. இத்தனைக்கும் பியேர் ஃபொஷார் என்ற பிரெஞ்சுக்காரர், பல்லை வரிசைப்படுத்தும் பட்டையைப் பற்றி 1728-இலேயே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சொத்தைக்குப் புழு காரணமில்லை, சர்க்கரை பல்லுக்கு ஆகாது என்றும் அதில் இருக்கிறது. நம் ஊரில் பல்லில் புழு எடுக்கிறேன் என்று வந்தவர்களுக்கு என் பாட்டி காசு கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மறுவாரம் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அந்த அம்மா கண்ணாடி முன் நிறுத்திக் காட்டினார். பிரஷ்ஷைச் சாய்த்து, கம்பிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, பிறகு ஈறோரம். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும். பள்ளியில் முடியாவிட்டால் நன்றாகக் கொப்பளித்தாவது விட வேண்டும். கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு எடுக்க, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்று தந்தார். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்தான் வேண்டுமாம். கம்பியில் உரசி பிரஷ் சீக்கிரம் தேய்ந்துவிடும். மூன்று மாதம்கூடக் காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். கம்பி கன்னத்தில் குத்தினால் ஒட்டிக்கொள்ள மெழுகு இருக்கிறது. ராத்திரி தேய்ப்பதுதான் முக்கியம் என்றார். பத்து நிமிஷம் ஆகிறது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளை அதைத் தானாகச் செய்யாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நம் வயதினர் சிலர் வேப்பங்குச்சியையும் கரிப்பொடியையும் சிபாரிசு செய்கிறார்கள். நானும் அதில்தான் வளர்ந்தேன். ஆனால் குச்சியும் விரலும் அந்தக் கம்பிக்கு அடியில் எப்படிப் போகும்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மாதம் முன்பு அவளுக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்தது நான்தான். பல்லில் ஒட்டிய துண்டு ஒன்று பெயர்ந்து வந்தது. மகளிடம், "முறுக்கு கடிச்சுட்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். முறுக்கும் ஆகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது கொய்யாவையும் மெல்லிசாக நறுக்கித்தான் தருகிறோம். பொங்கலுக்குக் கரும்பு கடிக்க முடியாதே என்று அவளுக்கு இப்போதே கவலை. நானும் கடிக்க முடியாதவன்தான், உனக்குத் துணைக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு இரண்டு பேரும் வாஷ்பேசின் முன் நிற்கிறோம். அவள் கம்பியைத் தேய்க்கிறாள், நான் பல்செட்டைக் கழற்றிக் கழுவுகிறேன்.