ஸ்கூபாவை கடைசி நாளுக்கு வைக்காதீங்க

கல்யாணமான கையோட அந்தமான் ஹேவ்லாக்குக்கு மூணு நாள் போற ஜோடிகளா? ஹோட்டல் எதுன்னு அப்புறம் பார்க்கலாம். ஸ்கூபா டைவிங் எந்த நாள்? கிளைமாக்ஸ் மாதிரி கடைசி நாள்ல வச்சிருந்தா மாத்துங்க.

கடலுக்கடியில் அழுத்தம் கூடுவதால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கூடுதலாகக் கரையும். மேலே வந்த பிறகு அது மெதுவாகத்தான் வெளியேறும். அதுக்குள்ள விமானம் ஏறினா? உள்ளே காற்றழுத்தம் 6,000 - 8,000 அடி மலை உச்சியில் இருப்பது போலக் குறைவு. சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். குமிழிகள் ரத்தத்திலேயே உருவாகலாம். மூட்டுவலி, மரத்துப்போதல், சிலருக்கு கை கால் விழுந்துபோகும் அளவுக்கும் போகும்.

ஒரே டைவ்னா குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கினா 18 மணி நேரம் பறக்கக் கூடாது. என்னைக் கேட்டா எல்லாருக்கும் 24. ஆழம் கம்மியான ஒரு டைவ்ல ஆபத்து ரொம்பக் குறைவுதான். ஆனா நாளை மாத்தி வைக்க செலவே இல்லையே!

ராதாநகர் சூரிய அஸ்தமனம், காட்டு வழியா எலிஃபண்ட் பீச் நடை, காலாபத்தர் விடியல் எல்லாம் கடைசிக்குத் தள்ளுங்க. மேலே மிதக்குற ஸ்நார்கலிங்குக்கு இந்தக் கணக்கு கிடையாது.

ஊர் திரும்பினதும் உடம்பு மரத்துப்போச்சுன்னா, டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா "டைவிங் போயிருந்தேன்"னு சொல்லுங்க. நாங்களா கேட்கணும்னு தோணாது.