கடாரப் பெருமையும் கடற்படைப் பிள்ளையும்

மலேசியத் தமிழர் மேடைகளில் இராசேந்திர சோழன் பெயர் ஒலிக்காத விழா அரிது. 1025ஆம் ஆண்டளவில் அவனுடைய கலங்கள் வங்கக் கடலைக் கடந்து வந்து கடாரத்தைத் தாக்கிய செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு சொல்கிறது. பேச்சாளர்கள் கல்வெட்டினும் விரிவாகச் சொல்கிறார்கள். 2025இல் அந்நிகழ்ச்சிக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்தது. பெருமிதத்திற்கு அது மேலும் ஒரு காரணமாயிற்று. கடாரம் என்பது இன்றைய கெடா. தாம் குடிமக்களாக வாழும் நாட்டின் ஒரு பகுதியை முன்னோர் படையெடுத்துத் தாக்கியதைக் கைதட்டலுக்குரிய செய்தியாகக் கொள்வது எவ்வளவு பொருத்தம் என்னும் கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். அப்பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு திரும்பிய தந்தையிடம், "அப்பா, நான் கடற்படையில் சேரப் போகிறேன்" என்று மகன் சொன்னால் என்ன நேர்கிறது?

"ஏன், உனக்கு வேறு வேலையே கிடைக்கவில்லையா?" என்னும் மறுமொழியை அறியாதார் இலர்.

அவ்வாறன்றி, "போய் வா" என்று சொல்லி வழியனுப்பிய பெற்றோரும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உளர். தொகையில் அவர்கள் சிலரே. ஆயுதப் படைகளில் இந்தியர் மிகக் குறைவு என்பது நாடாளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்ட செய்தி. அச்சிலரைச் சமுதாயம் எவ்வாறு நடத்துகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் குற்றச்சாட்டு. மருத்துவம் படிக்க மகனை வெளிநாட்டிற்கு அனுப்பிய தாயிடம் திருமண மண்டபத்தில் பெருமையோடு நலம் விசாரிப்பவர்கள், கடற்படைக்கு அனுப்பிய தாயிடம் துக்கம் விசாரிக்கும் குரலில் பேசுகிறார்கள். "தனியாக எப்படி விட்டீர்கள்? நம் சாப்பாடு கிடைக்குமா? பொங்கலுக்காவது வருவானா?" என்னும் கேள்விகள் அன்பினால் பிறந்தவை போல் தோன்றலாம். ஒவ்வொன்றும் அத்தாயின் நெஞ்சில் ஒரு கல்லை ஏற்றி வைத்துவிட்டுத்தான் போகிறது. அவள் வீட்டிற்குச் சென்று அக்கல்லை எங்கே இறக்குவாள்? மகனிடம் தொலைபேசியில்தான் இறக்குவாள். நடுக்கடலுக்குப் புறப்பட இருக்கும் மகன் அதைச் சுமந்துகொண்டு கப்பல் ஏறுகிறான்.

கடலுக்கு அஞ்சும் இனமா இது? கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழருட் பெரும்பாலோரின் பாட்டனோ பூட்டனோ நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறியவர். ரஜூலா என்னும் பெயரைக் கேட்டால் இன்றும் கண்கலங்கும் முதியோர் உண்டு. 1970களின் தொடக்கம் வரை அக்கப்பல் தமிழரை ஏற்றி வந்து பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறக்கிற்று. அத்துறைமுகம் 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிற்று. கரையில் நின்று கையசைத்த தாய்மார் திரும்பக் காண்போம் என்ற உறுதியின்றியே பிள்ளைகளை அனுப்பினார்கள். மூட்டை சுமக்கவும் பால்மரம் சீவவும் தண்டவாளம் போடவும் பிள்ளையைக் கடல் கடத்திய இனம், அக்கடலையே காக்கும் பணிக்கு அனுப்பத் தயங்குகிறது. கொன்றைவேந்தனில் ஔவை கடல் கடக்கச் சொன்னது பொருள் தேடுவதற்காக. அவ்வளவோடு பாடம் முடிந்துவிட்டது போலும்!

"நம்மவர்க்கு அங்கு மேல்நிலை கிடைக்காது" என்பார் சிலர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் வரலாறு அறியாமற் பேசுவது தகாது. அரச மலேசியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை முதன்முதலில் ஏற்ற மலேசியர் ஒரு தமிழர். கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் பயின்ற கே. தனபாலசிங்கம், இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1967இல் தம் 31ஆம் வயதில் அப்பொறுப்பை ஏற்றார். 1976 வரை அதில் இருந்தார். அதுவரை பிரிட்டிஷ் கடற்படையினரும் ஆஸ்திரேலியக் கடற்படையினரும் அமர்ந்த நாற்காலி அது. கடாரம் கொண்டவனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவல்ல மாணவனிடம் தனபாலசிங்கம் யார் என்று கேட்டால் விழிக்கிறான். மாணவனைக் குறை கூறிப் பயன் இல்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் அல்லவா தெரியும்? ஒருவர் உயர்ந்ததைக் கொண்டு எல்லார்க்கும் வழி திறந்திருக்கிறது என்று வாதிடுவதும் தவறுதான். ஆயின் வாசற்படியையே மிதியாதவர்கள் மாடியில் இடமில்லை என்று முறையிட்டால் எவர் செவிசாய்ப்பார்?

சேர்ந்த பிள்ளையின் பெற்றோர் நிலையைச் சற்று நோக்கவேண்டும். சேர்ந்த நாள் முதற்கொண்டே பிரிவு தொடங்கிவிடுகிறது. படைவீரர்க்கான அடிப்படைப் பயிற்சி ஜோகூரின் தென்கிழக்கு முனையில், தஞ்சோங் பெங்கெலேயில் நடைபெறுகிறது. பின்னர்ப் பேராவின் லூமுட் தளம். அல்லது தென்சீனக் கடலுக்கு அப்பால், கோத்தா கினபாலுவை அடுத்த செப்பங்கார். அதற்கும் அப்பால், நிலத்தையே காணமுடியாத கடல்வெளியில், 1983 முதல் மலேசியப் படையினர் காவல் இருக்கும் லாயாங்-லாயாங் என்னும் பவளத்திட்டு. அங்குப் பணியில் இருப்பவனுக்குத் தைப்பூசமும் இல்லை, தங்கையின் வளைகாப்பும் இல்லை. கப்பல் எங்கே நிற்கிறது என்பதைத் தாய்க்கும் சொல்லக்கூடாது. 2008இல் ஏடன் வளைகுடாவில் மலேசிய வணிகக் கப்பல்களைக் கொள்ளையர் கடத்தியபோது கடற்படைக் கலங்கள் அங்கு விரைந்தன. செய்தித்தாளைப் படித்தோர் பலர். அக்கலங்களில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதே செய்தியைப் படித்தோர் நிலை வேறு.

அத்தகைய பெற்றோர் என்ன செய்கிறார்கள்? நல்லவர்கள் நல்லதைச் செய்கிறார்கள். கூரை ஒழுகுவதை மகன் கரை திரும்பிய பிறகே சொல்கிறார்கள். விடுப்புக் கிடைக்கும் நாளை வைத்தே முகூர்த்தம் பார்க்கிறார்கள். சோதிடர்க்கு அதனால் சிறிது மனத்தாங்கல். தீபாவளி முறுக்கை மகன் வரும் மாதத்தில் மீண்டும் ஒருமுறை சுடுகிறார்கள். இவை சிறு செயல்கள்தாம். இவற்றின் அருமை கடலில் இருப்பவனுக்குத் தெரியும்.

எதிர்மாறாகச் செய்வோரும் இல்லாமல் இல்லை. அதை மறைப்பது நேர்மை ஆகாது. அரசாங்கச் சம்பளச் சீட்டு வீட்டிற்குள் வந்த மறுமாதமே அதைக் காட்டிக் கடன் வாங்கச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. தங்கையின் திருமணம், அண்ணனின் வாகனம், மாமனின் வியாபாரம் எல்லாம் இருபத்திரண்டு வயது இளைஞன் தலையில் ஏறுகின்றன. சாதாரணப் படைவீரர் முழு ஓய்வூதியம் பெற 21 ஆண்டு பணியாற்றவேண்டும். அதற்குமுன் விலகியோர் ஓய்வூதியமின்றித் தவிப்பது நாடறிந்த சிக்கல். இருபது ஆண்டுக் கடனோடு கப்பல் ஏறுகிறவனைக் குடும்பம் தாங்குகிறது என்பதா, அவன் குடும்பத்தைத் தாங்குகிறான் என்பதா?

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் புறநானூறு புதிதன்று. காவற்பெண்டு பாடலில் வரும் தாயிடம் மகன் எங்கே என்று கேட்கிறார்கள். எங்கிருக்கிறானோ அறியேன் என்கிறாள். அவனைப் போர்க்களத்தில் தேடச் சொல்கிறாள். மறக்குடித் தாயின் உறுதி என்று அதற்கு விளக்கம் எழுதி மதிப்பெண் வழங்குகிறார்கள். பொன்முடியார் பாடலையும் அவ்வாறே கற்பிக்கிறார்கள். ஆனால் அப்பாடலை ஊன்றிப் படித்தவர் எத்தனை பேர்? அது தாயின் கடமையோடு நிற்கவில்லை. பெறுவது தாயின் கடன். சான்றோனாக்குவது தந்தையின் கடன். வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடன். வேந்தனுக்கும் ஒரு கடன் உண்டு. இவ்வளவும் வரிசையாகச் சொல்லப்பட்ட பிறகே மகனின் கடன் கடைசியில் வருகிறது. ஒருவன் களத்தில் நிற்பதற்குப் பின்னால் ஊரே நிற்கவேண்டும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். இன்று தாயும் தந்தையும் தத்தம் பங்கைச் செய்துவிட்டுத் தனித்து நிற்கிறார்கள். மற்றவர் எங்கே?

பள்ளியிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம். "என் இலட்சியம்" என்னும் தலைப்பைத் தந்தால் வகுப்பில் பாதிப்பேர் மருத்துவராவார்கள். மீதிப்பேர் வழக்கறிஞரும் ஆசிரியரும் ஆவார்கள். கப்பலில் பொறியியலாளன் ஆவேன் என்று எழுதுபவன் எங்கோ ஒருவன். அவனையும், "மருத்துவர் என்று எழுது, கருத்துகள் எளிதாகக் கிடைக்கும்" என்று திருத்திவிடும் ஆசிரியர் உண்டு. கிள்ளான் மாணவன் எட்டிப் பார்க்கும் தொலைவில், பூலாவ் இண்டாவில், கடற்படையின் கடல் அளவை நடுவம் இருக்கிறது. நாட்டின் கடல்வரைபடங்கள் அங்குத்தான் உருவாகின்றன. மிருகக்காட்சிச்சாலைக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் பள்ளிகள் அவ்வழியே ஒருமுறை சென்றால் பாவம் ஒன்றும் வந்துவிடாது.

வேந்தனின் கடனைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2018 மே மாதத்தில், லூமுட் தளத்தில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர், சேர்ந்த சில நாட்களிலேயே உயிரிழந்தார். அஞ்சிய பெற்றோர்க்கு அச்செய்தி ஒரு சான்றாயிற்று. "அன்றே சொன்னோம்" என்றார்கள். அவ்வாறு சொல்வது எளிது. அதனால் எவர்க்கும் நீதி கிடைப்பதில்லை. மகனை மனமார அனுப்பிய தந்தை, அவன் எப்படி இறந்தான் என்பதை அறிய ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். கடற்படையை வெறுத்தவர் கேட்ட கேள்வி அன்று அது. அப்படையை நம்பித் தம் பிள்ளையை ஒப்படைத்தவர் கேட்ட கேள்வி. ஆதலின் அதற்கு மறுமொழி கூறும் கடமை அரசுக்கு இரட்டிப்பாகிறது. பிள்ளையை அனுப்புவது பெற்றோரின் ஆதரவு எனின், பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதும் அதே ஆதரவுதான். ஒன்றைப் பாராட்டி மற்றதைக் கண்டு முகம் சுளிக்கும் உரிமை எந்தத் தளபதிக்கும் இல்லை, எந்த அமைச்சருக்கும் இல்லை.

அத்தந்தை நீதிமன்றத்திற்குச் சென்ற நாட்களில் உடன் சென்று அமர்ந்த சங்கங்கள் எத்தனை, கடார விழாவிற்குப் பதாகை கட்டிய சங்கங்கள் எத்தனை என்பதை அவ்வச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளே சொல்லட்டும்.